பிரெக்னன்சி கிட்டில் தெரியும் கோடும் எல்எம்எஸ் டாக்டர் சுப்பாராவும்

திருச்சுழி பக்கம் ஒரு கரிசல் கிராமம். அருப்புக்கோட்டை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பிரெக்னன்சி கிட்டில் இரண்டாவது கோடு தெரிகிறது. கர்ப்ப ஹார்மோனை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடிதான் அந்தக் கோட்டைக் காட்டுகிறது. அப்படி ஒரே ரக ஆன்டிபாடியைத் தனியாக எடுக்க உதவியது ஒரு மருந்து. அதை உருவாக்கியது எல்லாப்ரகடா சுப்பாராவின் குழு.

1895-ல் பீமவரத்தில் பிறந்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். காந்தி அழைப்பைக் கேட்டு ஆபரேஷன் உடையைக்கூட கதரில் போட, ஆங்கிலேயப் பேராசிரியர் கடுப்பானார். எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை, ஒரு படி கீழான எல்எம்எஸ்தான். ஸ்ப்ரூ என்ற குடல் நோய் அண்ணனைப் பறித்தது. 1920-களில் அமெரிக்கா போனார். ஹார்வர்டில் ஏடிபி ஆய்வில் பெரிய பங்கு இருந்தும் நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு மாறினார்.

அங்கே அவர் குழு ஃபோலிக் ஆசிடைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தானது! அடுத்து, ஃபோலிக் ஆசிட் மாதிரியே வேஷம் போட்டு செல்லை ஏமாற்றும் அமினோப்டெரின். டிஎன்ஏ செய்ய முடியாமல் செல் முடங்கிவிடும். 1948-ல் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சிலருக்கு அதனால் நோய் தற்காலிகமாக அடங்கியது. அதே ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்தார். வயது 53.

சரி, ஆன்டிபாடிக்கு வருவோம். நம்மிடம் ஜீன்கள் ஏறத்தாழ 20,000 தான். கோடிக்கணக்கான ஆன்டிபாடி ரகங்கள் எப்படி? அருப்புக்கோட்டை தறியை நினைத்துக்கொள்ளுங்கள். நூலில் சில நிறம்தான். பாவும் ஊடையும் மாற்றிக் கோத்தால் புதுப்புது டிசைன். பி செல்லும் ஜீன் துண்டுகளை வெட்டி, மாற்றி ஒட்டிக்கொள்கிறது. 1976-ல் சுசுமு டோனேகாவா இதை நிரூபித்தார். ஒரு பி செல், ஒரு ரகம். ஆனால் உடம்புக்கு வெளியே அது சில நாளில் செத்துவிடும்.

1975-ல் கோலரும் மில்ஸ்டைனும் அதைச் சாகாத புற்றுச் செல்லோடு இணைத்தார்கள். இணையாமல் மிஞ்சிய புற்றுச் செல்லைக் களைவதுதான் சிக்கல். அதற்குத்தான் அமினோப்டெரின். டிஎன்ஏ செய்ய மாற்று வழிக்கான என்சைம் இல்லாத புற்றுச் செல் செத்தது. பி செல்லிடமிருந்து அதைப் பெற்ற கலப்புச் செல் பிழைத்தது. 1984-ல் இருவருக்கும் நோபல். சுப்பாராவ் போய் 36 வருஷம்.

அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுகளையே தாக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்க, முடக்குவாத நோயாளிகள் இன்றும் வாரம் ஒருமுறை எடுப்பது அதைத்தான்.