நத்தை வழக்கின் நாயகி

சட்டக் கல்லூரியில் நான் முதலாண்டில் படித்த வழக்குகளுள் ஒன்று டோனஹூ எதிர் ஸ்டீவன்சன். எங்களுக்கு அது வெறும் நத்தை வழக்கு. குளிர்பானப் புட்டிக்குள் கிடந்த நத்தையைச் சொல்லிச் சிரித்தோமே தவிர, டோனஹூ யார் என்று எவரும் கேட்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, இட்லி விற்றுப் பிழைக்கும் அம்மையார் ஒருவர் என்னிடம் வந்தார். மிக்ஸி வெடித்து அவருடைய வலக்கை காயப்பட்டிருந்தது. மிக்ஸியை வாங்கித் தந்தவர் மருமகன். ரசீதும் அவர் பெயரில்தான். பொருளை வாங்காதவர் எப்படி வழக்குத் தொடரலாம் என்று நிறுவனத் தரப்பு வாதிட்டது. அன்றிரவுதான் மே டோனஹூவின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அவர் 1898 ஜூலை 4-இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரை அடுத்த கேம்பஸ்லாங்கில் பிறந்தவர். 17 வயதில் திருமணம். பிறந்த நான்கு குழந்தைகளில் ஒரு மகன் மட்டுமே பிழைத்தான். 1928-இல் கணவரைப் பிரிந்து சகோதரர் வீட்டில் தங்கினார். கடை ஒன்றில் விற்பனைப் பணி.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை மாலை. அருகிலுள்ள பெய்ஸ்லி நகரில் வெல்மெடோ என்ற சிற்றுண்டிச் சாலைக்குத் தோழியுடன் சென்றார். பணம் கொடுத்தவர் தோழி. ஐஸ்கிரீமின்மீது கடைக்காரர் ஜிஞ்சர் பீர் ஊற்றித் தந்ததை மே உண்டார். மீதியைத் தோழி ஊற்றியபோது அழுகிய நத்தையின் எச்சம் வெளியே விழுந்தது என்பது அவர் தொடுத்த வழக்கின் சாரம். புட்டி ஒளி ஊடுருவாத கருநிறக் கண்ணாடி; உள்ளே இருப்பதைக் கடைக்காரராலும் பார்த்திருக்க முடியாது. அதன்பின் வயிற்று நோயால் அவர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது.

யார்மீது வழக்குத் தொடுப்பது? பொருளை வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையில்தான் ஒப்பந்தம் உண்டு. மே வாங்கவில்லை, தயாரித்த டேவிட் ஸ்டீவன்சனோ அவருக்கு எதையும் விற்கவில்லை. இதையெல்லாம் அறிந்தும் வழக்கை ஏற்றவர் வால்டர் லீச்மன் என்ற கிளாஸ்கோ வழக்குரைஞர். குளிர்பானப் புட்டியில் எலி கிடந்ததாகச் சொல்லப்பட்ட வழக்கில் அவருடைய கட்சிக்காரர்கள் 1929 மார்ச் 20-இல்தான் தோற்றிருந்தனர். இருபதே நாள்களில், ஏப்ரல் 9 அன்று, 500 பவுண்டு இழப்பீடு கோரி மே சார்பில் அவர் அதே கதவைத் தட்டினார். அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்தது.

முதல் நீதிபதி மேயின் பக்கம் நின்றார்; மேல்முறையீட்டில் அந்த உத்தரவு கவிழ்ந்தது. எஞ்சியது லண்டனில் பிரபுக்கள் சபை. அங்கே தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் சுமக்க வேண்டும். பெரும்பாலோர் திரும்பிவிடும் இடம் இதுதான். என் கட்சிக்காரர்களும் இத்தகைய இடத்தில்தான் அடிக்கடி மனம் தளர்கிறார்கள். மே திரும்பவில்லை. உலகில் தனக்கு ஐந்து பவுண்டு மதிப்புள்ள சொத்துகூட இல்லை என்று பிரமாணம் அளித்து, வறியவராக வழக்காட அனுமதி பெற்றார். மானத்துக்கு அஞ்சி வறுமையை மறைக்கும் மனிதர்கள் நடுவே, அதையே அவர் வழக்காடும் வழியாக்கிக்கொண்டார். வழக்குரைஞர்கள் கட்டணம் பெறாமல் வாதாடினர்.

1932 மே 26-இல், மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அவர் வென்றார். அயலாரை நேசி என்ற நெறியைச் சட்டத்துக்குரிய கேள்வியாக மாற்றினார் அட்கின் பிரபு. என் செயலால் நேரடியாகப் பாதிக்கப்படுவார் என்று நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டிய எவரும் என் அயலாரே. அவருக்குத் தீங்கு நேராமல் கவனம் காப்பது என் கடமை என்பது அவர் வகுத்த விதியின் பொருள்.

நத்தை உண்மையில் இருந்ததா என்பது இறுதிவரை நிரூபிக்கப்படவே இல்லை. இருந்ததாக வைத்துக்கொண்டே சட்டப் பிரச்சினை தீர்க்கப்பட்டது. விசாரணைக்கு முன்பே, அந்த ஆண்டு நவம்பரில், ஸ்டீவன்சன் இறந்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. மேக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படும் தொகை 200 பவுண்டு.

வாங்கியவரின் இசைவோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று நம் 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொன்னது. 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. மருமகன் பெயரில் இருந்த ரசீது, அந்த விளக்கத்தின் முன் தடையாக நிற்கவில்லை. அம்மையாருக்கு இழப்பீடு கிடைத்தது. கைவிரல்கள் முழுதாக மடங்குவதில்லை என்பது வேறு.

மே டோனஹூ 1958 மார்ச் 19-இல், கார்ட்லாக் மனநல மருத்துவமனையில், மாரடைப்பால் இறந்தார். வயது 59. இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் இளையவர்களுக்கு நத்தை வழக்கைச் சொல்லும்போது, நத்தையை விட்டுவிட்டு அந்த ஐந்து பவுண்டுப் பிரமாணத்திலிருந்து தொடங்குகிறேன்.