அரியலூர் ரயில் விபத்தும் ஒரு ராஜினாமாவும்: யார் இந்த லால் பகதூர் சாஸ்திரி?

டெல்லியில் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபச் சுவர்களில் தலைவர்களின் ஓவியங்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று, நாட்டின் இரண்டாவது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியுடையது. ஆனால் இன்றைக்கு அவர் பெயர் அதிகம் அடிபடுவது, எங்கேயாவது பெரிய ரயில் விபத்து நடக்கும்போதுதான். அதற்குக் காரணம் நம்ம அரியலூர்.

1956-ல் அரியலூரில் என்ன நடந்தது?

1956 நவம்பர் 23, அதிகாலை. சென்னையிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி கல்லகம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இடையில் மருதையாறு. பெரம்பலூர் பக்கம் பச்சைமலையில் உருவாகி, அரியலூர் வழியாகக் கொள்ளிடத்தில் சேரும் ஆறு இது. வருஷத்தின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். அன்று அடைமழையில் கரைபுரண்டு ஓடியது.

ஆற்றுப் பாலத்தை ஒட்டித் தண்டவாளத்தைத் தாங்கிய மண்ணை வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. இருட்டில் வந்த ரயிலின் என்ஜினும் அதை அடுத்த பெட்டிகளும் ஆற்றில் கவிழ்ந்தன. பயணிகள் பலர் தூக்கத்தில் இருந்தார்கள். 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்தவர் சாஸ்திரி.

ரயில் ஊரில் பிறந்த பையன்

சாஸ்திரி பிறந்ததே ரயிலுக்குப் பேர்போன ஊரில்தான். உத்தரப் பிரதேசத்தின் முகல்சராய், 1904 அக்டோபர் 2. நடக்கப் பழகும் வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மா ராம்துலாரி தேவி தன் பிறந்த வீட்டில் வைத்து வளர்த்தார்.

'சாஸ்திரி' என்பது சாதிப் பெயர் இல்லை. காசி வித்யாபீடத்தில் அவர் வாங்கிய பட்டம். சாதியைக் காட்டும் பெயரை அவர் முன்பே விட்டுவிட்டார். சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றார். 1952-ல் நேரு அவரை ரயில்வே, போக்குவரத்து அமைச்சராக்கினார்.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மின்விசிறி வந்தது அவர் காலத்தில்தான். சென்னை பெரம்பூரில் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்து வைத்தபோதும் அவர்தான் ரயில்வே அமைச்சர்.

முதல் ராஜினாமா ஏற்கப்படவில்லை

அரியலூருக்கு முன்பே ஒரு ராஜினாமா உண்டு. 1956 செப்டம்பரில் மகபூப்நகர் அருகே நடந்த ரயில் விபத்தில் 110-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள. சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார். நேரு ஏற்கவில்லை.

மூன்று மாதம்கூட முடியவில்லை, அரியலூர் நடந்தது. சாஸ்திரி மறுபடி ராஜினாமா கடிதம் கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதால் இதை ஏற்கவில்லை, பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது ஒரு முன்னுதாரணமாக இருக்க வேண்டும் என்பதே தன் நோக்கம் என்று நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

'தார்மிகப் பொறுப்பு' என்று செய்திகளில் படிக்கிறோமே, அது இதுதான். அமைச்சர் ரயில் ஓட்டவில்லை, பாலம் கட்டவில்லை. ஆனால் டிக்கெட் எடுத்து ஏறியவரின் உயிருக்கு அந்தத் துறை பதில் சொல்ல வேண்டும், துறையின் தலைமையில் இருப்பவர் அவர். 1999-ல் கைசல் ரயில் விபத்துக்குப் பிறகு நிதிஷ்குமார் பதவி விலகியபோதும் எல்லோரும் நினைத்துக்கொண்டது அரியலூரைத்தான்.

ராஜினாமாவோடு கோபம் அடங்கியதா?

இல்லை. தமிழ்நாட்டு மக்களின் கோபம் ரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ.வி.அழகேசன் பக்கம் திரும்பியது. 1957 தேர்தலில் அவர் பெயரையும் அரியலூரையும் சேர்த்து திமுக எழுப்பிய எதுகை முழக்கம் பட்டிதொட்டியெங்கும் பரவியது. செங்கல்பட்டில் அழகேசன் தோற்றுப்போனார்.

சாஸ்திரியோ அதே 1957-ல் மறுபடி மத்திய அமைச்சரானார். பிறகு வர்த்தகம், உள்துறை என்று பொறுப்புகள் வந்தன. 1963-ல் காமராஜர் திட்டத்தின்படி மீண்டும் பதவி விலகினார். 1964-ல் நேரு மறைந்ததும், காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரின் முயற்சியில் பிரதமரானார்.

மேசைக்கு அந்தப் பக்கம்

1965 பிப்ரவரியில் காட்சி தலைகீழானது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழ்நாடு கொந்தளித்தது. மத்திய அமைச்சர்கள் இரண்டு பேர் பதவி விலகல் கடிதத்தை சாஸ்திரியிடம் கொடுத்தார்கள். ஒருவர் சி.சுப்பிரமணியம். இன்னொருவர் 1962-ல் மீண்டும் வென்று அமைச்சராகியிருந்த அதே அழகேசன்.

அன்றிரவே சாஸ்திரி வானொலியில் பேசினார். இந்தி பேசாத மாநிலங்களுக்கு நேரு கொடுத்த வாக்குறுதி காப்பாற்றப்படும், அந்த மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று உறுதியளித்தார். இருவரும் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார்கள்.

அடுத்த ஆண்டு ஜனவரி 10-ல் பாகிஸ்தானுடன் தாஷ்கண்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் அதிகாலை அங்கேயே மாரடைப்பில் காலமானார். பிரதமராக இருந்தது 19 மாதங்கள்தான். காருக்காக அவர் வங்கியில் வாங்கிய கடன் பாக்கி இருந்தது. மனைவி லலிதா தன் பென்ஷன் பணத்தில் அதைக் கட்டி முடித்தார்.

பெரம்பலூர் நகருக்கு இன்றும் ரயில் பாதை கிடையாது. ரயில் பிடிக்க அங்கிருந்து பலர் வருவது அரியலூருக்குத்தான். அங்கே ஏறித் திருச்சி பக்கம் போகிறவர்கள் மருதையாற்றைத் தாண்டித்தான் போகிறார்கள்.