நாவலாசிரியை கோதைநாயகி அம்மையார்

கல்வி கற்றோர் நூல் எழுதுவது உலக இயல்பு. பள்ளிக்குச் சென்று பயிலாத ஒருவர் கதை சொல்லும் ஆர்வம் ஒன்றையே துணையாகக் கொண்டு நூலாசிரியர் ஆவது அரிது. தம் முதல் நூலைப் பிறர் கையால் எழுதுவித்து, பின்னர்த் தம் கையாலேயே எழுதத் தேர்ந்து, 115 நாவல்களைத் தமிழுக்கு அளித்த பெண்மணி ஒருவர் இருந்தார். மர்மமும் காதலும் கலந்த கதைகளால் ஆயிரக்கணக்கான வாசகர்களைக் கவர்ந்த அவரே வை. மு. கோதைநாயகி அம்மையார்.

இளமைப் பருவம்

காஞ்சிபுரத்தை அடுத்துள்ளது நீர்வளூர். அவ்வூரைச் சேர்ந்த வேங்கடாச்சாரியார், பட்டம்மாள் ஆகியோரின் மகளாக 1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் கோதைநாயகி பிறந்தார். இளங்குழவியாய் இருந்தபோதே அன்னையை இழந்த அவரை உறவினர் அன்புடன் வளர்த்தனர். அக்காலத்தில் குழந்தை மணம் நாடெங்கும் வழக்கத்தில் இருந்தது. அதனைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929ஆம் ஆண்டில்தான் இயற்றப்பெற்றது. கோதைநாயகிக்கோ ஐந்தரை வயதிலேயே, 1907ஆம் ஆண்டில், திருமணம் நிகழ்ந்தது. சென்னைத் திருவல்லிக்கேணியைச் சார்ந்த பார்த்தசாரதி என்பவர் அவருக்குக் கணவராக வாய்த்தார்.

பாடசாலைக்குச் செல்லும் பேறு அச்சிறுமிக்குக் கிட்டவில்லை. ஆயினும் அவர் செவிச்செல்வம் குறைவின்றிப் பெற்றார். சிற்றப்பனாரிடம் ஆழ்வார் பாசுரங்களைக் கேட்டுப் பயின்றார். மாமியாரிடம் தெலுங்கு கற்றார். கணவர் அவரை அடிக்கடி நாடகம் காண அழைத்துச் சென்றார். மேடையில் கண்ட காட்சிகள் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. வீட்டிலும் அயலிலும் உள்ள சிறுவர் சிறுமியரைச் சுற்றி அமர்த்திக்கொண்டு தாமே புனைந்த கதைகளைச் சொல்லி மகிழ்விப்பது அவருக்குப் பழக்கமாயிற்று.

முதல் நூல்

நாடகங்களைக் காணக் காணத் தாமும் ஒரு நாடகம் இயற்ற வேண்டும் என்னும் ஆசை அவருக்கு எழுந்தது. ஆனால், தடையின்றி எழுதும் பயிற்சி அவருக்கு அப்போது இல்லை. அதற்காக அவர் சோர்ந்து ஒதுங்கினாரல்லர். தாம் சொல்லச் சொல்ல எழுதித் தருமாறு தோழி ஒருவரை வேண்டினார். இவ்வாறு உருவான ‘இந்திரமோகனா’ என்னும் நாடகம் 1924ஆம் ஆண்டில் அச்சேறியது. நூல் வெளிவந்தபின் அவர் முயன்று பழகித் தாமே எழுதும் ஆற்றலைப் பெற்றார். கணவர் அவருக்கு உறுதுணையாய் நின்றார்.

மர்மக் கதையின் இயல்பு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பறியும் நாவல்கள் தமிழ்நாட்டில் பெருகத் தொடங்கின. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவித் தமிழ்ச் சூழலுக்கேற்ப எழுதினார். ஜே. ஆர். ரங்கராஜு 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இராஜாம்பாள்’ நாவலில் கோவிந்தன் என்னும் துப்பறிவாளர் தோன்றினார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியார் என்னும் பாத்திரத்தைப் படைத்தார்.

இத்தகைய கதைகளின் அமைப்பை உற்று நோக்குவோம். குற்றம் ஒன்று நிகழ்கிறது; செய்தவர் யார் என்பது மறைந்திருக்கிறது. ஐயம் முதலில் குற்றமற்றவர்மீது விழுகிறது. சிறுசிறு தடயங்கள் ஆங்காங்கே வெளிப்படுகின்றன. அவற்றை வாசகர் நினைவில் இருத்தி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும். இறுதியில் முடிச்சு அவிழ்ந்து, பிரிந்த காதலர் கூடுகின்றனர். மாத இதழில் தொடராக வரும்போது, ஒவ்வொரு மாதமும் புதியதொரு முடிச்சோடு பகுதி நிறைவுறும். அடுத்த இதழ் வரும்வரை வாசகர் உள்ளம் அதனையே எண்ணிக்கொண்டிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிப்போரையும் விடாது படிக்கத் தூண்டும் ஆற்றல் இவ்வகைக் கதைக்கு உண்டு.

ஆடவர் மட்டுமே எழுதிவந்த இத்துறையில் கோதைநாயகி அம்மையார் துணிந்து நுழைந்தார். ‘வைதேகி’ என்னும் துப்பறியும் நாவலை எழுதினார். இம்முயற்சியில் அவருக்கு வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஊக்கம் கிடைத்தது. தமிழில் துப்பறியும் நாவல் எழுதிய முதற் பெண்மணி எனும் சிறப்பு அம்மையாருக்கு உரியதாயிற்று.

ஜகன்மோகினி

வெளிவராமல் நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ என்னும் மாத இதழை 1925ஆம் ஆண்டில் அம்மையார் ஏற்று மீண்டும் நடத்தலானார். ‘வைதேகி’ அதில் தொடராக வெளிவந்தது. ராதாமணி, பத்மசுந்தரன், கௌரிமுகுந்தன், பரிமளகேசவன் முதலிய நாவல்கள் அதனைத் தொடர்ந்தன.

நாவல் படித்தால் பெண்கள் கெடுவர் என்று பலர் நம்பிய காலம் அது. பெண்ணொருத்தி நாவல் எழுதுவதையும் இதழ் நடத்துவதையும் எள்ளி நகையாடியோர் பலர். அம்மையார் அவர்களோடு வாதிட்டுப் பொழுது போக்கவில்லை. மாதந்தோறும் தவறாது எழுதினார். கதையின் சுவைக்காக இதழை எடுத்த பெண்கள், அதனூடே பெண்கல்வி, கைம்பெண் மறுமணம், வரதட்சிணைக் கொடுமை, மதுவின் தீமை ஆகியவற்றைப் பற்றியும் அறிந்தனர். அடுக்களையோடு நின்ற பெண்களுக்குப் படிக்கும் பழக்கம் உண்டாக அவ்விதழும் ஒரு காரணமாயிற்று.

அவர் கதைகளில் எதிர்பாராத நிகழ்ச்சிகள் அளவுக்கு மிஞ்சி வருகின்றன என்றும், அறிவுரைகள் கதையோட்டத்தைத் தடுக்கின்றன என்றும் திறனாய்வாளர் கூறுவர். அக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், அவர் எழுதியது முதன்முறையாக நூலைக் கையில் எடுத்த வாசகர்களுக்காகவும் ஆகும் என்பதை நாம் மறத்தலாகாது.

நாட்டுப்பணியும் சிறைவாசமும்

1925ஆம் ஆண்டில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது அம்மையார் அவரைக் கண்டார். அன்று தொட்டுப் பட்டாடையும் பொன்னணிகளும் துறந்து கதராடை பூண்டார். இனிய குரல் வாய்ந்த அவர் விடுதலைப் பாடல்களை மேடைகளில் பாடினார். சிறந்த சொற்பொழிவாளராகவும் விளங்கினார். 1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அங்கும் அவர் எழுத்தை நிறுத்தவில்லை. ‘உத்தமசீலன்’ என்னும் நாவலைச் சிறையிலேயே எழுதினார். அவரைப் போன்றோர் எந்த நோக்கத்துக்காகச் சிறை புகுந்தனரோ, அந்த மதுவிலக்கு இராஜாஜியின் அமைச்சரவையால் 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்டது.

அவருடைய கதைகள் திரைக்கும் சென்றன. ‘ராஜமோகன்’ 1937ஆம் ஆண்டிலும், ‘அனாதைப் பெண்’ 1938ஆம் ஆண்டிலும் திரைப்படங்களாயின. அவர் மறைந்தபின், 1966ஆம் ஆண்டில், அவர் கதையைத் தழுவிய ‘சித்தி’ வெளிவந்து புகழ் பெற்றது.

இறுதி நாட்கள்

இரண்டாம் உலகப் போரின்போது காகிதம் கிடைப்பது அரிதாயிற்று. சென்னை மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி வெளியூர் சென்றனர். அம்மையாரும் சிங்கப்பெருமாள்கோயிலுக்குக் குடிபெயர்ந்தார். அந்நிலையிலும் இதழ்ப் பணியைக் கைவிடவில்லை. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ‘ஜகன்மோகினி’ அவர் பெயரோடு இணைந்து விளங்கியது.

1956ஆம் ஆண்டில் அவருடைய ஒரே மகன் சீனிவாசன் காலமானார். அத்துயரம் அம்மையாரை வாட்டியது. உடல் நலிந்து, காசநோயால் வருந்தி, 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் அவர் மறைந்தார்.

மாணவர்களே! பாடசாலையும் நூல்நிலையமும் உங்கள் அருகில் உள்ளன. இவ்விரண்டும் இல்லாத நிலையில் செவிவழிக் கேட்டும், பிறர் கையால் எழுதுவித்தும் தொடங்கியவர் கோதைநாயகி அம்மையார். குறையை எண்ணி அவர் காலத்தைக் கழித்திருப்பின், அந்த 115 நாவல்களும் தமிழுக்குக் கிட்டியிரா. நீங்களும் நல்ல கதைகளைத் தேடிப் படியுங்கள். படித்ததைப் பிறருக்குச் சொல்லுங்கள். உங்கள் உள்ளத்தில் எழும் கதைகளை உங்கள் கையாலேயே எழுதிப் பழகுங்கள்.