தேர்வாளர் கேளாத கேள்வி

கிரிமியப் போர் என்றதும் கைவிளக்கு ஏந்திய நைட்டிங்கேல் அம்மையாரே நம் நினைவுக்கு வருவார். பள்ளிப் பாடநூல் தந்த பழக்கம் அது. அதே போர்முனையில் தொண்டாற்றிய மற்றொரு மாதரசியைப் பற்றி ஈண்டுச் சில சொல்ல விழைகிறேன். அவர் பெயர் மேரி சீகோல்.

1805-ஆம் ஆண்டு ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்துப் படைவீரர். கறுப்பின மரபில் வந்த தாயார் விடுதி நடத்தியதோடு, நோயுற்ற படை அதிகாரிகளுக்கு நாட்டு வைத்தியமும் பார்த்தவர். தாயிடம் கண்டதையெல்லாம் சிறுமி மேரி முதலில் பொம்மைக்கும், பிறகு நாய் பூனைகளுக்கும், இறுதியில் தமக்கே கூடவும் செய்து பார்த்தாராம்! 1836-இல் மணம் புரிந்து, 1844-இல் கணவரை இழந்தார்.

1851-இல் பனாமாவின் குரூசஸ் என்னும் சிற்றூரில் தம் சகோதரர் நடத்திய விடுதிக்குச் சென்றிருந்தார். அங்கே சகோதரரோடு உணவருந்திய ஸ்பானியர் ஒருவர் திடீரென மாண்டார். சகோதரரே நஞ்சிட்டார் என்று ஊர் பேசிற்று. மேரி வாதாடிக்கொண்டிருக்கவில்லை, நேரே சென்று உடலைப் பார்த்தார். குழிவிழுந்த கண்கள், முறுக்கிக்கொண்ட கைகால்கள், நிறம் மாறிச் சுருங்கிய தோல்! முந்தைய ஆண்டு கிங்ஸ்டனில் தாம் கண்ட அதே காலரா என்று தெளிந்தார். ஊரார் நம்பவில்லை. அன்று நண்பகலுக்குள்ளாகவே இறந்தவரின் நண்பரையும் நோய் பற்றியது. வைத்தியர் என்று ஊரில் இருந்தவர் ஒரு பல் வைத்தியர்தாம். அவரும் அஞ்சி ஒதுங்கிவிட்டார். மேரி கடுகுப் பற்றும் ஒத்தடமும் இட்டு அந்நண்பரைப் பிழைக்க வைத்தார்.

அவர் கையாண்ட மருந்துகளில் பாதரச உப்பும் ஈய உப்பும் உண்டு. இன்றைய மருத்துவம் அவற்றை ஏற்காது. எனக்கு வியப்பளிப்பது அவர் சிந்தித்த முறையே. ஒருவனைப் பிழைப்பித்த அதே மருத்துவம் அவன் உடன்பிறந்தானைக் கொன்றுவிடக் கூடும் என்பதை அனுபவத்தால் கண்டு, ஆளுக்கேற்ப மாற்றினார். நோயின் போக்கை அறிய, இறந்த குழந்தை ஒன்றின் உடலை இரகசியமாக அறுத்தும் ஆராய்ந்தார். தம் கைப்பிழையால் சிலரை இழந்ததையும் பிற்காலத்தில் மறைக்காமல் எழுதினார். 1853-இல் ஜமைக்காவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, படைமுகாமுக்குச் செவிலியரை ஏற்பாடு செய்து தருமாறு மருத்துவ அதிகாரிகளே இவரை வேண்டினர்.

இத்தகையவர் 1854-இல் இலண்டன் சென்று, கிரிமியாவுக்குத் தம்மை அனுப்புமாறு கேட்டார். போர் அலுவலகம் மறுத்தது. படையின் மருத்துவத் துறை மறுத்தது. செவிலியரைத் தேர்ந்தெடுத்த சீமாட்டியரும் இடமில்லை என்றனர். இடம் இருந்தாலும் தமக்குக் கிடைத்திராது என்பதை அவர்களுள் ஒருவர் முகத்திலேயே படித்துவிட்டார் மேரி. தம் நிறமே காரணமோ என்றெண்ணித் தெருவில் நின்று அழுதார். நைட்டிங்கேலுடன் முதலில் சென்றவர் 38 பேர். அவர்களுள்ளும் சிலர் குடிப்பழக்கத்தால் திருப்பி அனுப்பப்பட்டனர். படையினரையோ காலரா கொன்றுகொண்டிருந்தது!

அந்தத் தேர்வு மேசையில் நான் அமர்ந்திருந்தால் கேட்டிருக்கக் கூடிய கேள்வி ஒன்றுதான்: விருந்துண்டவர் மறுநாள் பிணமாகக் கிடக்கிறார், நஞ்சா, நோயா, எதை வைத்துச் சொல்வீர்? அன்று சான்றுக் கடிதமும் நன்னடத்தையும் பார்த்தார்கள். இதைக் கேட்டவர் இலர். கேட்டிருந்தால் விடை கூறத்தக்கவர் வாசலில்தான் நின்றார்.

மேரி மனந்தளரவில்லை. கணவரின் உறவினர் ஒருவரைக் கூட்டாளியாக்கிக்கொண்டு, சொந்தப் பணத்தில் கிரிமியா சென்றார். 1855-இல் பாலக்கிளாவா அருகே விடுதி அமைத்து உணவும் மருந்தும் அளித்தார். குண்டு விழும் களத்துக்கே மருந்துப் பையுடன் சென்றார். போர் 1856-இல் முடிந்ததும் சரக்குகள் விலைபோகாமல் கடனாளியானார். படைவீரர்கள் மறக்கவில்லை, 1857-இல் அவருக்கு நிதி திரட்ட இலண்டனில் நான்கு நாள் விழா எடுத்தனர். அதே ஆண்டு தம் வரலாற்றையும் நூலாக வெளியிட்டார். 1881-இல் இலண்டனில் மறைந்தார்.

2016-இல் அவருக்கு அந்நகரில் சிலை வைத்தார்கள். சிலை நிற்பது செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில். 1860-இல் நைட்டிங்கேல் அம்மையார் செவிலியர் பள்ளியை நிறுவியதும் அம்மருத்துவமனையில்தான்.