வழி தெரியாத நாட்களில் தூய அன்னை

துன்பத்தில் இருவகை உண்டு. என்ன நேர்ந்தது, ஏன் நேர்ந்தது, எப்போது தீரும் என்பது ஓரளவு தெரிந்த துன்பம் ஒன்று. மருத்துவர் சொன்ன நாட்களை எண்ணிக்கொண்டு நோயாளி வலியைப் பொறுத்துக்கொள்வது போல அதைப் பொறுத்துக்கொள்ளலாம். எதுவுமே விளங்காத துன்பம் மற்றொன்று. அங்கே வலியைவிடக் குழப்பமே பெரிதாக இருக்கிறது. இறைவனிடம் எதை வேண்டுவது என்றுகூடத் தெரிவதில்லை. நேற்றுவரை எதை அவரது அருள் என்று நம்பியிருந்தோமோ, அதுவே இன்று கைநழுவிப் போயிருக்கும். பக்தனின் நம்பிக்கை உண்மையில் சோதிக்கப்படுவது இந்த இரண்டாம் வகைத் துன்பத்தில்தான்.

தூய அன்னை ஸ்ரீசாரதாதேவியார் என்றதும், எண்ணற்றவர்களுக்குத் தாயாகவும் குருவாகவும் விளங்கிய அவரது பிற்கால வடிவமே நம் மனத்தில் எழுகிறது. அந்நிலைக்கு முன்னால், எங்கே போவது, என்ன செய்வது என்று யாரும் எடுத்துச் சொல்ல இயலாத நாட்களையும் அவர் கடந்திருக்கிறார். அந்நாட்களில் அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதைச் சிந்திப்பது நமக்கு மிகவும் பயன் தரும்.

ஊரார் பேச்சும் ஒரு நெடும்பயணமும்

வங்காளத்தின் ஜெயராம்பாடி என்ற சிற்றூரில் 1853 டிசம்பர் 22-ஆம் நாள் அன்னை பிறந்தார். தந்தை ராமசந்திர முகர்ஜி, தாய் சியாமாசுந்தரி. 1864-இல் அப்பகுதியைப் பஞ்சம் வாட்டியது. சேமித்து வைத்திருந்த நெல்லைக் கொண்டு தந்தை கிச்சடி சமைத்து ஏழைகளுக்கு வழங்கினார். பசியின் வேகத்தில் ஆறும்வரை பொறுக்க முடியாமல் தவித்தவர்களின் இலைகளுக்கு அருகில் நின்று, பதினொரு வயதும் நிரம்பாத சாரதை இரு கைகளாலும் விசிறினாள். பிறரது பசியை ஆற்றிய அந்தக் கைகள் பின்னாளில் தமது பசியை யாருக்கும் காட்டாமல் மறைக்க வேண்டியிருந்தது.

ஐந்து வயதிலேயே, 1859-இல், காமார்புகூரைச் சேர்ந்த ஸ்ரீராமகிருஷ்ணருடன் அவருக்குத் திருமணம் நடந்திருந்தது. 1867-இல் குருதேவர் காமார்புகூருக்கு வந்தபோது சில மாதங்கள் உடனிருந்து பணிவிடை செய்யும் பேறு கிடைத்தது. பிறகு அவர் தட்சிணேசுவரம் திரும்பிவிட்டார். ஆண்டுகள் சென்றன. அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்ற பேச்சு ஊரில் பரவியது. பைத்தியக்காரரின் மனைவி என்று பெண்கள் இரக்கத்தோடும் ஏளனத்தோடும் பேசலாயினர். தாம் நேரில் கண்ட அன்பு வடிவான கணவரை நம்புவதா, ஊர் சொல்வதை நம்புவதா? அன்னை யாரோடும் வாதிடவில்லை. வீட்டு வேலைகளில் மூழ்கி மௌனமாக இருந்தார். இறுதியில், நேரில் சென்று பார்ப்பதே தம் கடமை என்று தெளிந்தார்.

1872 மார்ச் மாதத்தில் தந்தையுடனும் கங்கை நீராடச் சென்றவர்களுடனும் நடைப்பயணம் தொடங்கியது. ஏறத்தாழ 60 மைல் வழி. நடந்து பழகாத அன்னைக்கு வழியில் கடும் காய்ச்சல் கண்டது. ஒரு சத்திரத்தில் நினைவிழந்து கிடந்தபோது கரிய நிறமும் பேரழகும் கொண்ட பெண் ஒருத்தி அருகில் அமர்ந்து, குளிர்ந்த கரங்களால் தலையையும் உடலையும் தடவிக்கொடுப்பதைக் கண்டார். தான் தட்சிணேசுவரத்திலிருந்து வருவதாகவும், அவருக்குச் சகோதரி முறை என்றும், அவர் நிச்சயம் அங்கு சென்று சேர்வார் என்றும் அப்பெண் தேற்றினாள். மறுநாள் காய்ச்சல் தணிந்தது. பயணம் தொடர்ந்தது. தட்சிணேசுவரத்தை அடைந்தபோது ஊரார் பேச்சு பொய் என்பதைக் குருதேவரின் பரிவான வரவேற்பே காட்டிவிட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேவியின் தரிசனம் வீட்டில் இருந்தபோது கிடைக்கவில்லை. புறப்பட்டு, நடந்து, உடல் தளர்ந்து விழுந்த இடத்தில் கிடைத்தது. பொறுமை என்பது செயலற்றிருப்பது அல்ல. விளங்கிய அளவுக்கு நடப்பதும், விளங்காததை இறைவனிடம் விட்டுவிடுவதும் சேர்ந்ததே பொறுமை.

தாரகேசுவரத்தில் கிடைத்த பதில்

தட்சிணேசுவரத்தில் நஹபத்தின் கீழ்ப்பகுதியிலிருந்த மிகச் சிறிய அறையே அன்னையின் உறைவிடம் ஆயிற்று. சமையல், சேமிப்பு, ஜபம், உறக்கம் எல்லாம் அதற்குள்தான். சில சமயங்களில் மாதக்கணக்கில்கூடக் குருதேவரைக் காணும் வாய்ப்பு அமையாது. அன்னை அதைக் குறையாக எண்ணவில்லை.

1885-இல் குருதேவருக்குத் தொண்டையில் நோய் கண்டது. சியாம்புகூரிலும் பின்னர் காசிப்பூர் தோட்ட வீட்டிலும் சிகிச்சை நடைபெற்றது. எந்த மருந்தும் பலன் தரவில்லை. மனம் தாளாத அன்னை தாரகேசுவரம் சென்று, சிவபெருமான் சன்னதியில் உண்ணாமலும் நீர் அருந்தாமலும் இரண்டு நாட்கள் கிடந்தார். இரவில், அடுக்கி வைத்த பானைகள் உடைவது போன்ற ஓர் ஓசை கேட்டு அவர் திடுக்கிட்டு விழித்தார். அக்கணத்தில், இவ்வுலகில் யார் யாருக்குக் கணவர், யாருக்கு யார் உறவு என்ற எண்ணம் மின்னலென எழுந்து, உள்ளத்தில் இருந்த பற்றையெல்லாம் அறுத்தது. அவர் எழுந்து காசிப்பூர் திரும்பினார்.

வேண்டியது கிடைக்கவில்லை. ஆயினும் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. இனி வரப்போகும் இழப்பைத் தாங்கும் வலிமை அந்த இரவில் அருளப்பட்டது. நமது பிரார்த்தனைக்கு இறைவன் செவிசாய்க்கவில்லை என்று நாம் நினைக்கும் பல வேளைகளில், நாம் கேட்ட வடிவில் அல்லாமல் வேறொரு வடிவில் பதில் வந்திருக்கக்கூடும்.

உப்பில்லாத சோறு

1886 ஆகஸ்ட் 16-ஆம் நாள் குருதேவர் மகாசமாதி அடைந்தார். அன்னைக்கு அப்போது வயது 32. கைம்பெண்ணுக்குரிய மரபின்படி அவர் நகைகளைக் கழற்ற முற்பட்டபோது குருதேவர் காட்சி தந்து தடுத்தார். தாம் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் சென்றிருப்பதாக மட்டுமே கொள்ளுமாறு உணர்த்தினார். சில நாட்களில் அன்னை தீர்த்த யாத்திரை புறப்பட்டு, பிருந்தாவனத்தில் ஏறத்தாழ ஓராண்டு தங்கினார். அங்கே அவர் சிந்திய கண்ணீருக்கு அளவில்லை. யோகினுக்கு (பின்னாளில் சுவாமி யோகானந்தர்) மந்திர தீட்சை அளிக்குமாறு குருதேவர் காட்சியில் ஆணையிட்டபோது, முதலில் அன்னை அதை மனத்தின் மயக்கமோ என்று ஐயுற்றார். ஆணை மீண்டும் மீண்டும் வந்த பிறகே அதற்கு இசைந்தார். காட்சிகளைக்கூட அவசரப்பட்டு ஏற்காத நிதானம் அவருடையது.

1887-இல் காமார்புகூர் திரும்பினார். பர்த்துவான் வரை ரயிலில் வந்தவர், கையில் பணம் இல்லாததால் அதற்கு மேல் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. தட்சிணேசுவரக் கோயிலிலிருந்து மாதந்தோறும் கிடைத்துவந்த 7 ரூபாய் நின்றுபோயிருந்தது. அதைத் தொடருமாறு நரேந்திரர் எடுத்துச் சொல்லியும் பயனில்லை.

இங்கேதான் அவரது வாழ்வின் பெரிய குழப்பம் நேர்ந்தது எனலாம். குருதேவர் அவருக்கு இருவேறு கட்டளைகளை விட்டுச் சென்றிருந்தார். காமார்புகூரில் வசித்து, கீரை பயிரிட்டு, கீரையும் சோறும் உண்டு, ஹரிநாமம் சொல்லி வாழ வேண்டும். ஒரு காசுக்காகவும் யாரிடமும் கை நீட்டலாகாது என்பது ஒன்று. கல்கத்தாவில் அறியாமை இருளில் உழலும் மக்களை அன்னையே கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. அவருக்குப் பிள்ளையில்லை என்று சியாமாசுந்தரி வருந்தியபோதும், தாங்க முடியாத அளவுக்கு அம்மா என்றழைக்கும் பிள்ளைகள் வருவார்கள் என்று குருதேவர் சொல்லியிருந்தார். ஆனால் இப்போதோ யாருமற்ற வீடு; வெறுமையான அடுக்களை. இந்த மூலையில் கிடந்துகொண்டு எந்த மக்களைக் கவனிப்பது? எங்கே அந்தப் பிள்ளைகள்?

இரண்டு கட்டளைகளும் எப்படிப் பொருந்தும் என்று அன்னை ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. அன்று செய்யக்கூடியதாக இருந்த கட்டளையைக் கையில் எடுத்தார். மண்வெட்டியால் நிலத்தைக் கொத்திக் கீரை விதைத்தார். நெல்லைக் குற்றிச் சோறாக்கி ரகுவீரருக்கு நிவேதித்து உண்டார். உப்பு வாங்கவும் காசில்லாத நாட்கள் உண்டு. பிறந்த வீடு சில மைல் தொலைவில்தான் இருந்தது. அங்கும் அவர் சொல்லியனுப்பவில்லை.

வறுமையைவிட ஊரார் பேச்சு அதிகம் சுட்டது. கையில் வளையும் கரையிட்ட சேலையுமாக ஒரு விதவை இருக்கலாமா என்று ஏசினர். லாஹா குடும்பத்துப் பிரசன்னமயி போன்ற ஓரிருவரே ஆதரவாகப் பேசினர். கங்கையைப் பிரிந்திருப்பதும் அன்னைக்குப் பெரும் ஏக்கமாக இருந்தது. ஒருநாள் குருதேவர் முன்னே நடந்துவர, நரேந்திரர் முதலிய சீடர்கள் பின்தொடர்ந்து வரும் காட்சியைக் கண்டார். குருதேவரின் திருவடிகளிலிருந்து நீர் பெருகி அலையலையாக முன்னே பாய்ந்தது. கங்கை தோன்றும் இடம் அத்திருவடியே என்று உணர்ந்த அன்னை, செம்பருத்தி மலர்களைப் பறித்து அந்த நீரில் கைகொள்ளும் மட்டும் அர்ப்பணித்தார். கங்கைக்குப் போக வழியில்லாதவரைத் தேடிக் கங்கையே வந்தது.

செய்தி மெல்லத் தாயின் காதுக்கு எட்டியது. தம்பி வழியாகக் கல்கத்தாவில் இருந்த கோலாப்-மாவும் பிற பக்தர்களும் அறிந்தனர். அனைவரும் சேர்ந்து அழைக்க, 1888-இல் அன்னை கல்கத்தா வந்தார். இரண்டாம் கட்டளைக்கான கதவு அப்போது தானே திறந்தது.

புத்தகயையில் ஒரு பிரார்த்தனை

1890-இல் அன்னை புத்தகயை சென்றார். அங்கிருந்த மடத்தின் வளத்தைக் கண்டதும், வீடுவாசல் துறந்து ஊர் ஊராக அலையும் தம் துறவிப் பிள்ளைகளின் நினைவு வந்தது. வராகநகர மடத்தில் அவர்கள் பட்டினியோடும் கந்தலோடும் தவம் செய்த காலம் அது. அவர்களுக்கு ஓர் இடமும் எளிய உணவும் கிடைக்க வேண்டும் என்று அன்னை கண்ணீர் மல்க வேண்டினார். தமக்கு உப்பு இல்லாதபோது யாரிடமும் வாய் திறக்காதவர், பிள்ளைகளுக்காக இறைவனிடம் மனம் திறந்தார்.

அந்தப் பிரார்த்தனை உடனே நிறைவேறவில்லை. 1893-இல் சுவாமி விவேகானந்தர் அன்னையின் ஆசியுடன் அமெரிக்கா சென்றார். 1897 மே முதல் நாள் ராமகிருஷ்ண மிஷன் தோன்றியது. 1898-இல் கங்கையின் மேற்குக் கரையில் பேலூரில் நிலம் வாங்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அன்னை அங்கு சென்று, தாம் நாள்தோறும் பூஜிக்கும் குருதேவரின் திருவுருவப் படத்தை வைத்து வழிபட்டார்; பிள்ளைகளுக்கு ஓர் இடம் கிடைத்ததென்று மகிழ்ந்தார். குருதேவரின் மறைவிலிருந்து கணக்கிட்டால் 12 ஆண்டுகள்.

துன்பங்கள் அத்துடன் முடியவில்லை. 1899-இல் அன்புச் சீடர் யோகானந்தர் மறைந்தார். அதே ஆண்டில் இளைய தம்பி அபயரும் இறந்தார். அவரது கருவுற்ற மனைவிக்குச் சித்தம் கலங்கியது. 1900 ஜனவரியில் பிறந்த ராது என்ற குழந்தையை வளர்க்கும் பொறுப்பு அன்னையின் மீது விழுந்தது. எந்நேரமும் உயர்நிலைகளை நாடிச் சென்ற தம் மனத்தை உலகில் நிறுத்திவைக்க இறைவன் தந்த பிடிப்பு அக்குழந்தை என்றே அன்னை கொண்டார். புறக்கண்ணுக்குச் சுமையாகத் தெரிந்ததைத் திருவருளின் ஏற்பாடாகக் காணும் பார்வை அது.

கருவூலத்தின் முன்

1911-இல் சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் முயற்சியால் அன்னை தென்னாட்டிற்கு வந்தார். சென்னையிலும் மதுரையிலும் தங்கி ராமேசுவரம் சென்றார். 108 தங்க வில்வ இலைகளால் ராமநாதசுவாமியை அர்ச்சித்தார். ராமநாதபுரம் அரசரின் ஆணைப்படி கோயில் கருவூலம் அவருக்காகத் திறக்கப்பட்டது. விரும்பியதை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டினர். தமக்கு எதுவும் தேவையில்லை என்ற அன்னை, அவர்கள் மனம் நோகாதிருக்க, ராது ஏதேனும் விரும்பினால் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். அதே நேரத்தில், அவள் மனத்தில் ஆசை எழாதிருக்க வேண்டும் என்று குருதேவரிடம் உள்ளூர வேண்டினார். வைரங்களையும் தங்கத்தையும் பார்த்த ராது, தன் பென்சில் தொலைந்துவிட்டது, ஒரு பென்சில் போதும் என்றாள். அன்னை நிம்மதியோடு வெளியே வந்து அதை வாங்கித் தந்தார்.

காமார்புகூரில் உப்பில்லாத சோற்றின் முன் அமர்ந்த அன்னையும், ராமேசுவரத்தில் பொற்குவியலின் முன் நின்ற அன்னையும் ஒருவரே. நல்ல காலம் வரும் என்பதற்காக அவர் பொறுத்திருந்தார் என்றால், கருவூலம் திறந்தபோது அவர் முகம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அவர் எதிர்பார்த்துக் காத்திருந்தது நிலைமை மாறுவதை அல்ல; இறைவனின் திருவுளத்தை. திதிக்ஷை என்று வேதாந்தம் கூறும் பொறுமைக்கு உட்பொருள் இதுவே. பலனை எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது வேறு. கவலையும் புலம்பலும் இன்றித் தாங்குவது வேறு.

நமது வாழ்விலும் காமார்புகூர் நாட்கள் வருகின்றன. இறைவன் தந்த வாக்கும் கண்முன் நிற்கும் நிலைமையும் பொருந்தாமல் மனம் தத்தளிக்கிறது. அப்போது முழு வழியையும் காட்டுமாறு அவரை நெருக்க வேண்டியதில்லை. இன்றைய கடமை என்ற சிறிய நிலத்தைக் கொத்தி, அவர் நாமத்தை விதைத்து வந்தால் போதும். அடுத்த கதவைத் திறப்பது அவர் பொறுப்பு.

1920 ஜூலையில் கல்கத்தா உத்போதன் இல்லத்தில் அன்னை மகாசமாதி அடைந்தார். பேலூரில் கங்கைக் கரையில் அவரது திருமேனி எரியூட்டப்பட்ட இடத்தில் 1921 டிசம்பரில் கோயில் எழுப்பப்பட்டது. அக்கோயில் கங்கையை நோக்கியே அமைந்துள்ளது. ஒரு காலத்தில் கங்கையைக் காண ஏங்கியிருந்த அன்னை, இன்று அதை இடைவிடாது நோக்கியவாறு வீற்றிருக்கிறார். குழப்பத்தில் தவிக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமையில் ஒரு துளியையேனும் அவர் அருள்வாராக!