கோஷா ஆஸ்பத்திரி கண்ட மேரி ஷார்லீப் அம்மையார்

தேவதானம் போன்ற மலையடிவாரச் சிற்றூர்களில் பிள்ளைப்பேறு நெடுங்காலம் மருத்துவச்சியின் கைத்திறனையே நம்பியிருந்தது. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, உதிரப்போக்கு நில்லாவிட்டாலோ அவளால் செய்யக்கூடியது சிறிதே. சிற்றூரின் நிலைதான் இப்படி என்பதில்லை. சென்னை மாநகரில் மருத்துவமனை இருந்தும், திரைக்குப் பின்னிருந்த பெண்கள் பேறுகாலத்தில் மாண்டனர். ஆண் மருத்துவர்முன் தோன்றுதல் கோஷாவுக்கு மாறானது. பெண் மருத்துவரோ இல்லை. இக்குறையைத் தம் குறையாகவே கொண்டவர் மேரி ஷார்லீப் அம்மையார்.

1845இல் இலண்டனில் பிறந்த அம்மையார், வழக்கறிஞரான கணவருடன் 1866இல் சென்னை வந்தார். இங்குள்ள இந்து, முஸ்லிம் இல்லத்துப் பெண்களின் துயரம் செவிக்கு எட்டவே, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பிரசவம் பார்க்கப் பயின்றார். அப்போது அவர் பிள்ளை பெற்ற தாய். குடும்பப் பொறுப்பு மிக்கவர். பயின்ற பின்னரே, பேறு பார்க்கும் திறன் மட்டும் போதாது, முழு மருத்துவமும் கற்றாக வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

நம் மாணவியர் இங்கே ஒன்றைக் கருதவேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரி அவரையும் வேறு மூன்று பெண்களையும் 1875இல் சேர்த்துக்கொண்டது. இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்ததோ 1878இல்தான்! அவ்வாண்டே சென்னையில் தேறிய அம்மையார் இலண்டன் சென்று, 1882இல் எம்.பி., பி.எஸ். பட்டமும் மகப்பேற்று மருத்துவத்தில் தங்கப்பதக்கமும் பெற்றார். வியன்னாவிலும் பயின்று, 1883இல் சென்னை திரும்பினார்.

1885இல் சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமென நுங்கம்பாக்கத்தில் விக்டோரியா மருத்துவமனை தொடங்கப்பெற்றது. திரையை நீக்கிவிட்டு வருக என அம்மையார் எவரையும் பணிக்கவில்லை. பெண்டிரே மருத்துவம் பார்க்கும் இடமாக மருத்துவமனையையே அவர்தம் வழக்கத்திற்கு ஏற்ப அமைத்தார். அவருடைய பெருமை இதில்தான் உள்ளது என்பது எம் கருத்து. சீர்திருத்தம் பேசுவோர் பலர்; வலியில் துடிப்பவளின் நாணத்தையும் மதித்தவர் சிலரே.

உடல் நலிவால் 1887இல் தாயகம் திரும்ப நேர்ந்தது. மறு ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் பெற்ற முதற்பெண்மணியானார். 1902இல் ராயல் ஃபிரீ மருத்துவமனையின் மகளிர் மருத்துவ வல்லுநரானார். 1930இல் மறைந்தார்.

மருத்துவமனை பின்னர்ச் சேப்பாக்கத்திற்கு மாறிக் கஸ்தூரிபா காந்தி பெயரைத் தாங்கியது. எனினும் திருவல்லிக்கேணி மக்களிடம் கேட்டால், கோஷா ஆஸ்பத்திரி என்றே வழி காட்டுவர்.