எழ வைப்பது எது?

மார்கழிக் குளிரில் அதிகாலை எழுவதென்று உறுதிபூண்டு, விடிந்த பிறகும் போர்வைக்குள் கிடந்து என்னையே நொந்துகொண்ட நாள்கள் பல. அப்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ்.

1842-இல் நியூயார்க்கில் பிறந்த இவர், நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸின் அண்ணன். ஓவியம் பயின்று, அதைக் கைவிட்டு அறிவியலுக்கு வந்து, 1869-இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால், மருத்துவத் தொழில் செய்யவில்லை. உடல் நலிவும் மனச்சோர்வும் அவரை வீழ்த்தியிருந்தன. மனிதன் இயற்கை விதிகள் இயக்கும் வெறும் எந்திரமென்றால், முயற்சிக்கு என்ன பொருள் என்ற ஐயம் அவரை வாட்டியது. வாழ்வதே வீண் என்னும் எல்லை வரை தள்ளியது.

1870 ஏப்ரலில் பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனுவியேயின் எழுத்து அவருக்குக் கைகொடுத்தது. சுதந்திரமான மனத்திட்பம் உண்டென்று நம்புவதையே அத்திட்பத்தின் முதல் செயலாகக் கொள்வதென நாட்குறிப்பில் பதிந்தார். சோர்வு அன்றே நீங்கிவிடவில்லை. பின்னரும் வந்து வந்து போயிற்று. ஆயினும், 1873 முதல் ஹார்வர்டில் கற்பிக்கத் தொடங்கினார்.

உளவியல் குறித்த பெருநூலுக்கு 1878-இல் ஒப்பந்தமிட்டபோது, இரண்டு ஆண்டுகளில் முடித்துவிடலாம் என எண்ணினார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1890-இல் வெளிவந்த அந்நூலில், குளிர்காலையில் படுக்கையை விட்டு எழுவதைப் பற்றிய ஒரு சிறு பகுதி உண்டு. எழ வேண்டும், எழ முடியாது என்று மனம் வாதிடும் வரை உடல் அசைவதில்லை. அந்த வாதத்தை மறந்து, அன்றைய வேலை ஒன்றை நினைக்கும் கணத்தில் நாம் எழுந்துவிட்டிருப்போம். எப்போது முடிவெடுத்தோம் என்பது நமக்கே தெரியாது.

தன் திட்பத்தை நம்பியே உயிர் மீண்டவர், எழுந்திருப்பதைத் திட்பத்தின் வெற்றியாகக் கூறவில்லை என்பதே என்னை வியக்கவைக்கிறது. திட்பத்தின் பணி உடலை அதட்டி ஏவுவதன்று. நல்லதோர் எண்ணம் நழுவிவிடாமல் கவனத்தை அதன்மீது நிறுத்துவதே. எஞ்சியதை உடலும் பழக்கமும் பார்த்துக்கொள்ளும். அன்றாடச் செயல்களை எவ்வளவு விரைவில் பழக்கத்திடம் ஒப்படைக்கிறோமோ, அவ்வளவுக்கு மனம் உயர்ந்த பணிகளுக்கு விடுபடும் என்றும் அவர் கருதினார்.

குடியை விட முடியாதவரையும் படிப்பில் மனம் ஊன்றாத பிள்ளையையும் உறுதியற்றவர் என்று எளிதில் பழித்துவிடுகிறோம். பழி, உள்ளே நடக்கும் வாதத்தை நீட்டிக்கவே செய்யும். அவர்களது கவனம் நிலைகொள்ள ஒரு நல்ல எண்ணத்தையும், அது வேரூன்ற ஒரு பழக்கத்தையும் அமைத்துத் தருவதே உதவி.

1910-இல் ஜேம்ஸ் மறைந்தார். எழ மறுக்கும் காலைகளில் இப்போது நான் என்னைக் கடிந்துகொள்வதில்லை. அன்று செய்ய வேண்டிய முதல் வேலையை மட்டும் நினைக்கிறேன்.